குளத்தின் அடி தெரிய 14 மாதம்

நேற்றுக் காலை ஏழரை மணிக்குத் தட்டைத் தண்ணீரில் இறக்கினேன். அது மறையவே இல்லை. அடியில் போய்த் தட்டி நின்றது. அதன் வெள்ளைக் கால்பாகங்களும் கறுப்புக் கால்பாகங்களும் தனித்தனியாகத் தெரிந்தன. நாடாவைப் பார்த்தால் 55 சென்டிமீட்டர், அதாவது குளத்தின் முழு ஆழம். பக்கத்தில் நின்ற எட்டாம் மாடி அங்கிள் குனிந்து பார்த்து, "அட, கேன் சீ லா" என்றார். போன வருடம் மார்ச்சில் இதே தட்டு 11 சென்டிமீட்டரில் காணாமல் போனது.

தட்டு என்றால் பெரிய கருவி ஒன்றும் இல்லை. பழைய சிடி ஒன்றை நான்காகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கறுப்பும் வெள்ளையும் அடித்து, நடுத்துளையில் ஒரு போல்ட்டும் கனத்துக்கு நாலு வாஷரும் மாட்டி, தையல்காரர் நாடாவில் கட்டியது. கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வாராவாரம் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டும். வெயில் ஏறியபின் பார்த்தால் தண்ணீரின் பளபளப்பில் ஏழெட்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடுகிறது. முதல் மாதக் கணக்கு அப்படித்தான் குப்பைக்குப் போனது.

குளம் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் இருக்கிறது. நாலு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், சிமென்ட். தோராயமாக 5,500 லிட்டர். தோட்டம் தொடங்கியபோது அல்லி, கப்பி மீன், தட்டான்பூச்சி என்று அழகாக இருந்ததாம். நான் சேர்ந்தபோது பச்சைப் பட்டாணி சூப். யாரோ கொண்டுவந்து விட்ட நாலு கோய் மீன், இரண்டு திலாப்பியா மீன், அவற்றுக்குக் காலை மாலை ரொட்டி போடும் தாத்தா பாட்டிகள், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள். இதற்கு மேல், மழை பெய்தால் காய்கறிப் பாத்தியின் உரம் கரைந்து நேராகக் குளத்துக்கு வரும். பாத்தி மேட்டில், குளம் பள்ளத்தில்.

பாசி மருந்து ஊற்றினால் மூன்று நாளில் முடிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். குளத்தின் வழிகால் குழாய் வடிகாலுக்குப் போகிறது. சிங்கப்பூரின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, அங்கே வடிகாலில் விழுவது ஏதாவது ஒரு நீர்த்தேக்கத்தில் போய்ச் சேரும், அதைத்தான் நாமே குழாயில் பிடித்துக் குடிக்கிறோம். வேண்டாம் என்று விட்டோம். செடி வைத்துப் பார்ப்போம் என்று வசிப்போர் குழுவிடம் கேட்டு, சரி என்றதும் தொடங்கினேன்.

முதலில் தண்ணீரைச் சோதித்தேன், அங்கேயே ஒரு சறுக்கல். மீன்தொட்டிக் கடையில் நைட்ரேட் கிட் 22 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கிப் பார்த்தால் 5 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 5 மில்லிகிராம், காட்டுகிறது. இவ்வளவு பச்சைத் தண்ணீரில் நைட்ரேட்டே இல்லையா, கிட் போலியோ என்று நினைத்தேன். போலி இல்லை. இருந்ததையெல்லாம் பாசி தின்றுவிட்டது. அது பாசியின் உடம்பாகிவிட்டது, சோதனைக் குழாய்க்குள் வந்து நிறம் காட்டாது. பிறகு 24 வெள்ளி கொடுத்து பாஸ்பேட் கிட் வாங்கினேன், அது 2 பிபிஎம் காட்டியது. இதில் பாதி அளவே பாசிக்கு விருந்து. அன்றிலிருந்து தட்டும் பாஸ்பேட்டும் மட்டும்தான் என் கணக்கு. நைட்ரேட் கிட் அலமாரியில் தூங்குகிறது.

ஏப்ரலில் ஆகாயத்தாமரை. ஊதாப் பூ பூக்குமே, சிலர் வெங்காயத்தாமரை என்பார்கள், அது. செடி ஒன்றுக்கு இரண்டு வெள்ளி, ஆறு வாங்கி மிதக்கவிட்டேன். அன்று இரவு கோயம்புத்தூரில் இருக்கும் அம்மாவிடம் வீடியோவில் பெருமையாகக் காட்டினேன். "இதையா காசு குடுத்து வாங்குன? இங்க குளத்துல இருந்து இத எடுக்கத்தான்டா காசு குடுக்கறாங்க" என்றார். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. மூன்றாம் வாரம் ஆறு இருபதானது. ஆறாம் வாரம் தண்ணீரே தெரியவில்லை, புல்தரை மாதிரி இருந்தது. ஒரு நாள் காலை ஆறரைக்குப் போனால் கோய் மீன்கள் செடிகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன இடைவெளியில் வாயை மேலே நீட்டி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. காற்றும் வெளிச்சமும் தண்ணீருக்குள் இறங்க வழியில்லை, அடியில் பழுத்த இலை அழுகுகிறது, இரவெல்லாம் எல்லாமே ஆக்ஸிஜனைத் தின்கின்றன, விடியும்போது மிச்சம் ஒன்றும் இல்லை. அன்று வேலைக்கு அரை நாள் விடுப்பு போட்டேன். நானும் அங்கிளும் பதினோராம் மாடி அக்காவும் சேர்ந்து வாரி எடுத்தோம். அந்தப் பரபரப்பில் வேரை வெட்டும் கத்தரிக்கோல் ஒன்று கை நழுவித் தண்ணீருக்குள் போனது. வீட்டுத் தராசில் நிறுத்தால் 11 பை, மொத்தம் 104 கிலோ. ஒரு வேரைத் தூக்கிப் பார்த்தேன், கறுத்த குதிரைவால் மாதிரி, கையில் வழுக்கியது, உதறினால் சேறு தெறித்தது.

தோல்வி என்று நோட்டில் எழுதி வைத்தேன். ஆனால் அந்த வாரம் தட்டு 30 சென்டிமீட்டர் காட்டியது, பாஸ்பேட் 0.5. மூன்று வாரத்தில் மறுபடி 14 சென்டிமீட்டர், பாஸ்பேட் 2. ஏன் குறைந்தது, ஏன் திரும்பியது என்று அப்போது யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் அரை வருடம் மிச்சமாகியிருக்கும்.

ஜூனில் ஒரு சனிக்கிழமை செங்காங் போனேன். பொங்கோல் நீர்த்தேக்கத்தில் 2010இல் திறந்த மிதக்கும் ஈரநிலம் இருக்கிறதே, அரைக் காற்பந்துத் திடல் அளவுக்கு, அதைப் பார்க்க. நடைபாலத்தில் நின்று கைப்பிடியில் சாய்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: செடி தன் இஷ்டத்துக்கு மிதக்கவில்லை. அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, இடம் அளந்து கொடுத்திருக்கிறார்கள். ஆகாயத்தாமரைக்கு நான் கொடுக்காத ஒன்று அது. வேர் மட்டும் தண்ணீரில் தொங்கும், அந்த வேரில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா படலம் ஒட்டிப் பாதி வேலையைச் செய்யும்.

திரும்பி வந்து முதல் மிதவை செய்தேன். இரண்டு அங்குல பிவிசி குழாய், 1.2 மீட்டருக்கு 0.9 மீட்டர் செவ்வகம், மூலைக்கு ஒரு எல்போ, நடுவில் பிளாஸ்டிக் வலை, வலையில் 20 வலைக்கிண்ணம், கிண்ணத்தில் சரளைக்கல், கல்லில் செடி. தண்ணீரில் வைத்தேன், அது நேராக உள்ளே போனது. நிதானமாக, கம்பீரமாக. வைத்தபின்தான் கணக்குப் போட்டேன்: இந்தக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ தாங்கும், சுற்றளவு 4.2 மீட்டர், ஆக எட்டு கிலோ சொச்சம். ஈரச் சரளை கிண்ணத்துக்கு 800 கிராம், இருபதுக்கு 16 கிலோ. தண்ணீருக்குள் கல்லின் எடை குறையும்தான், குறைந்தும் போதவில்லை.

கல்லை எடுத்துவிட்டுத் தேங்காய்நார்த் தூள் போட்டேன். மிதந்தது. ஆனால் தூள் கிண்ணத்தின் துளைவழி கசிந்து தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்தது, பிடிமானம் இல்லாமல் செடிகள் சாய்ந்தன. நான்காம் நாள் மிதவையே ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டது. ஒரு எல்போவில் பசை சரியாக ஓடவில்லை, குழாய்க்குள் தண்ணீர் ஏறிவிட்டது. 31 வெள்ளி போச்சு.

ஆகஸ்டில் செய்ததுதான் இன்றுவரை மிதக்கிறது. அதே அளவு, ஆனால் மூன்று அங்குலக் குழாய். மீட்டருக்கு ஐந்து கிலோ தாங்குகிறது, ஒரு மிதவைக்கு 21 கிலோ. குழாய் முனையையும் எல்போவின் உட்புறத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, இரண்டிலும் பசை தடவி, செருகும்போது கால் சுற்றுத் திருகி, முப்பது வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் தடவை நான் எல்போவில் மட்டும் தடவினேன். ஒரு நாள் காயவிட்டு, தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்து ஒவ்வொரு மூட்டிலும் குமிழி வருகிறதா பார்த்தேன். வரவில்லை. கிண்ணத்தில் சுட்ட களிமண் உருண்டை, தண்டைச் சுற்றி ஒரு துண்டு ஸ்பாஞ்ச். ஈரத்தோடு ஒரு கிண்ணம் 300 கிராம். ஒரு மிதவைக்கு 24 கிண்ணம், இரண்டு மிதவை. குளத்தின் மேற்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு மூடியது. அதற்கு மேல் மூடக் கூடாது என்று கோய் மீனின் வாய் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

செடி விஷயம். கங்கோங் கீரை (வள்ளைக்கீரை) ஈரச்சந்தையில் கட்டு 1.20 வெள்ளி. மூன்று கட்டு வாங்கி, இலையைச் சமைத்துவிட்டு, தண்டை வாளித் தண்ணீரில் போட்டால் நாலாம் நாள் வெள்ளை வேர். இதைவிட மலிவான செடி கிடையாது. வெட்டிவேர் நாற்று நிலப்பராமரிப்பு வேலை செய்யும் நண்பர் ஒருவர் கொடுத்தார். லிட்டில் இந்தியாவில், தேக்காவில் கட்டாகக் கிடைப்பது காய்ந்த வேர், அது முளைக்காது, கேட்டு அசடு வழிந்தேன். நாற்றின் தாளை 20 சென்டிமீட்டருக்கும் வேரை 10 சென்டிமீட்டருக்கும் வெட்டி வைத்தோம். கல்வாழையும் ஆறு வைத்தேன், பூ அழகுக்கு.

கங்கோங் பத்தாம் நாள் ஓடத் தொடங்கியது. வெட்டிவேர் ஒரு மாதம் மஞ்சளடித்துக்கொண்டு நின்றது, இரண்டு செத்தன, பிறகு பிடித்துக்கொண்டது. ஐந்தாம் மாதம் ஒரு கிண்ணத்தைத் தூக்கி அளந்தேன், வேர் 48 சென்டிமீட்டர். ஆனால் தொடக்கத்தில் கங்கோங் வேரெல்லாம் மொட்டையாக இருந்தது. பார்த்தால் திலாப்பியா கீழிருந்து மேய்ந்துகொண்டிருக்கிறது. மிதவைக்கு அடியில் வலைத்துணியைத் தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிட்டதும் நின்றது.

செப்டம்பரில் சுமத்ரா காற்று என்கிற திடீர்ச் சூறைக்காற்று ஒன்று விடியுமுன் அடித்தது. காலையில் போனால் ஒரு மிதவை தலைகீழாக, வேர் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. கல்வாழை ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து பாய்மரமாகிவிட்டது. அதைப் பிடுங்கிக் கரையில் நட்டேன். மிதவையில் எதுவும் 40 சென்டிமீட்டருக்கு மேல் போகவிடுவதில்லை. மிதவைக்கு இரண்டு செங்கல் நங்கூரம், கயிற்றில் 20 சென்டிமீட்டர் தொய்வு. தொய்வு இல்லாவிட்டால் மழையில் நீர்மட்டம் ஏறும்போது செங்கல் மிதவையை இழுத்து அமுக்கிவிடும்.

இதற்கிடையில் கொசுச் சோதனைக்கு வந்தவர் குளத்தைப் பார்த்தார், மிதவையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. களிமண் உருண்டையை ஊறவைத்து நான் மறந்துபோன வாளியில் டார்ச் அடித்தார். புழுக்கள். குளத்தில் கப்பி மீன் எல்லாப் புழுவையும் தின்றுவிடுகிறது, வாளியில் யார் தின்பது? தலைகுனிந்து நின்றேன். இப்போது வாளி கவிழ்த்துத்தான் இருக்கும்.

நவம்பர் வந்தது, தட்டு 19 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கங்கோங்கை வெட்டி நிறுத்து எழுதிவைக்கிறேன், ஒரு வெட்டுக்கு இரண்டு, இரண்டரை கிலோ. அக்கா பையோடு வந்து நின்றார்.

"தம்பி, இவ்வளவு பசேல்னு இருக்கு, நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேனே?"

"வேணாங்க்கா, அது குடிச்ச தண்ணி என்னன்னு நமக்குத் தெரியும்ல."

"அப்ப என்னதான் பண்ணப்போற?"

"உரப்பெட்டியில போட்டுருவோம்."

போட்டோம். உரப்பெட்டி குளத்திலிருந்து இரண்டு மீட்டரில், மேட்டுப் பக்கம். டிசம்பர் மழை தெரியும்தானே, வடகிழக்குப் பருவக்காற்றில் நாலு நாள் விடாமல் கொட்டும்.

ஜனவரியில் ஒரு நாள் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். 5,500 லிட்டரில் 2 பிபிஎம் என்றால் மொத்தம் 11 கிராம் பாஸ்பேட், அதில் பாஸ்பரஸ் மூன்றில் ஒரு பங்கு, நாலு கிராமுக்கும் குறைவு. ஒரு கிலோ பச்சைக் கீரை ஏறத்தாழ 0.4 கிராம் பாஸ்பரஸைத் தூக்கிக்கொண்டு போகும். அப்படியானால் ஒன்பது கிலோ வெட்டியபோதே தண்ணீர் காலியாகியிருக்க வேண்டும். நான் வெட்டியது 23 கிலோ, கிட் இன்னும் 2 காட்டுகிறது. எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது.

மழையில் குடை பிடித்துக்கொண்டு போய் நின்று பார்த்தேன். உரப்பெட்டியின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு போட்டு, புல்லுக்குள் நுழைந்து, குளத்தின் விளிம்பைத் தொட்டு உள்ளே இறங்குகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வியர்வை சிந்தி வெட்டியதை மழை திருப்பிக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. அப்போதுதான் போன வருட விஷயமும் புரிந்தது. ஆகாயத்தாமரை வளர்ந்தபோது தண்ணீர் சுத்தமாகவில்லை, அந்த 11 பை குப்பை வண்டியில் ஏறியபோதுதான் சுத்தமானது. தோல்வி என்று எழுதிய நாளில்தான் அதிகம் சாதித்திருக்கிறேன். செடி சும்மா வாங்கி வைத்துக்கொள்கிறது, வெளியே தூக்கிப்போட வேண்டியது நாம்.

பெட்டியைத் தோட்டத்தின் மறுகோடிக்கு, குளத்துக்கும் கீழான பள்ளத்துக்கு மாற்றினோம். காய்கறிப் பாத்திக்கும் குளத்துக்கும் நடுவில் செங்கல்லை வரிசையாகப் பதித்து ஒரு சாண் உயர வரப்பு கட்டினோம். மூன்று வாரத்தில் தட்டு 33. பாஸ்பேட் 1.

மிச்சம் அடியில் இருந்தது. கழியை விட்டுப் பார்த்தால் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் கறுப்புச் சேறு, பல வருட ரொட்டி. 38 வெள்ளிக்குச் சின்ன பம்ப் வாங்கி, பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வாரத்துக்கு எட்டு வாளி வீதம் உறிஞ்சி வாழைப் பாத்தியில் ஊற்றினோம். ஒரே நாளில் கலக்கி எடுத்தால் மீன் செத்துவிடும், பொறுமையாகத்தான் செய்ய வேண்டும். முட்டையழுகிய வாடை. ஐந்தாம் மாடியிலிருந்து ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஒரு மூலையில் பம்ப் எட்டவில்லை, அங்கே சேறு அப்படியே இருந்தது.

ரொட்டியை நிறுத்தியதுதான் இருப்பதிலேயே கஷ்டம். நாலு மொழியில் பலகை வைத்தோம், பலகைக்கு அடியில் நின்றுகொண்டே போட்டார்கள். மீனுக்குத் தீனி போடுவது சந்தோஷமான காரியம், அதைப் பலகை தடுக்குமா? கடைசியில் அங்கிள் ஒரு பால்மாவு டின்னில் மீன்தீனி நிரப்பி, ஒரு தேக்கரண்டியைச் சங்கிலியில் கட்டிவிட்டார். மாலை ஐந்து மணிக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு கரண்டி, ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகள், வரிசை. இப்போது யாராவது ரொட்டி போட்டால் பிள்ளைகளே சண்டைக்குப் போகிறார்கள்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ஆகாயத்தாமரை 12, இரண்டு கிட் 46, மூழ்கிய மிதவை 31. நல்ல மிதவைகளுக்கு மூன்று அங்குலக் குழாய் இரண்டு நீளம் 48, எல்போ எட்டு 17.60, பசை 6, வலை 14, கேபிள் டை 4, கிண்ணம் அறுபது 18, களிமண் உருண்டை 28. கங்கோங் 3.60, பம்ப் 38. மொத்தம் 266 வெள்ளி 20 காசு. இதில் உருப்படியில்லாதது 53 வெள்ளி, மூழ்கிய மிதவையும் நைட்ரேட் கிட்டும்.

இன்னொரு குளம் கிடைத்தால் முதல் நாளே சேற்றை அளப்பேன், மழையில் நின்று தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன், அப்புறம்தான் குழாய் வாங்கப் போவேன். வெட்டிவேர் நாலில் ஒரு பங்கு, மற்றதெல்லாம் கங்கோங். வெட்டிவேர் சாகாமல் நிற்கும், ஆனால் எடை கூட மாதங்கள் ஆகும், எனக்கு வேண்டியது அடிக்கடி எடுத்து வெளியே போட எடை. இதுவரை வெட்டிய கங்கோங் 41 கிலோ.

அக்கா ஒரு வெட்டிவேர்க் கொத்தைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். பானைத் தண்ணீரில் போடலாமா என்றுதான் நோட்டம். "சேத்து வாடதான் அடிக்குது" என்று திருப்பி வைத்துவிட்டார்.

நேற்று அளந்து முடித்து பாஸ்பேட்டும் பார்த்தேன், 0.25. நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அங்கிள் பம்ப் எட்டாத அந்த மூலையைக் கை காட்டினார். சேற்றில் பாதி புதைந்து, ஆரஞ்சுப் பிடி மட்டும் வெளியே தெரிய, போன வருடம் ஆகாயத்தாமரையை வாரியபோது விழுந்த கத்தரிக்கோல். எடுத்துத் திறந்து பார்த்தேன், திறக்கவில்லை. மேலே போட்ட கணக்கில் அதன் 9 வெள்ளியைச் சேர்க்க மறந்துவிட்டேன்.